எண்பத்திரண்டு குதிரைகள்

மார்ச் 4
அக்கா மகள் வேலையை விட்டுவிட்டாள். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கிறாளாம். ஒரே ஒரு சின்னக் கார்தான் வாங்க முடியும். அது சரியாக அமைந்தால் பிழைப்பு. சறுக்கினால் பழைய முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும். தலைமை ஆலோசகர்? வேறு யார், தாய்மாமனாகிய நான்தான்!

மார்ச் 5
பார்த்து வைத்த கார் ஒன்றுதான்; அது மூன்று வித எஞ்சினில் வருகிறதாம். அறுபத்தேழு குதிரைசக்தி, எண்பத்திரண்டு, டர்போ வைத்தது நூறு. நூறு குதிரை! அந்தக் காலமாக இருந்தால் ஒரு ராஜ்ஜியத்தையே பிடித்திருக்கலாம். டர்போதான் என்று தீர்ப்பு வழங்கினேன்.
"கத்துக்க வர்றவங்க படையெடுக்கவா போறாங்க மாமா?"
அடுப்படியிலிருந்து என் மனைவி: "இவருக்கு சைக்கிள்லயே மூச்சு வாங்கும்." வீட்டுக்குள்ளேயே எதிரி முகாம்.

மார்ச் 8
ஷோரூமுக்குப் பின்னால் ஒரு மேடு. சோதனை ஓட்டம். அக்கா மகள் தூக்கத்தில்கூட நன்றாக ஓட்டுகிறவள். இன்று ஓட்டினாளே பார்க்கணும் — ஐயோ! மேட்டில் நிறுத்தி, கிளட்சைப் படாரென்று விட்டாள். டர்போ குலுங்கி, அணைந்து, பின்னால் உருண்டது. விற்பனையாளர் முகத்தில் ஈயாடவில்லை.
"மேடம்... உங்களுக்கு ஓட்டத் தெரியும்ல?"
"தெரியாத மாதிரி ஓட்டுறேங்க. என்கிட்ட வர்றவங்க இப்படித்தான் விடுவாங்க."
"நூறு குதிரையும் எங்கடி போச்சு?" என்றேன்.
"எஞ்சின் வேகம் எடுத்தாத்தான் மாமா அதுங்க முழிக்கும். மேட்டுல கிளம்புறப்போ தூங்கும்."
அறுபத்தேழு, எங்கள் மூவரின் எடையும் ஏசியும் சேர்ந்ததும் முனகிக்கொண்டே உயிரை விட்டது. எண்பத்திரண்டு? எவ்வளவு கேவலமாக விட்டாலும் நடுங்கியது, முணுமுணுத்தது, நகர்ந்தது. அணையவே இல்லை.
இவ்வளவு அழகாக, இவ்வளவு மோசமாக ஓட்ட ஈரேழு உலகத்திலும் இன்னொருத்தி பிறக்கவில்லை.

மார்ச் 9
எண்பத்திரண்டுதான். தேர்ந்தெடுத்தது நானே என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2
முதல் மாணவி ஒரு தையல்காரம்மா. வேறு இடத்தில் கற்று, லைசென்ஸ் தேர்வில் மேடு ஏற்றும்போது இரண்டு முறை தோற்றவர்.
"இவங்களும் தோத்தா அப்புறம் யாரு மாமா நம்மகிட்ட வருவா?" சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். என் அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். நானே!

ஏப்ரல் 20
பாஸ்! வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லையாம்.

ஏப்ரல் 27
லைசென்ஸ் வந்த கையோடு தையல்காரம்மாவே எங்கள் காரை ஓட்டி எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். தன் தம்பி மனைவியையும் எங்களிடம் சேர்த்துவிடுகிறாராம். பாலத்து ஏற்றத்தில் நெரிசல். பின்னால் ஒரு பஸ் பூமி பிளக்க ஹார்ன் அடித்தது. பின்சீட்டில் நான் தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாரையும் கூப்பிட்டேன். இந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அக்கா மகள் கால் அதை விட்டு விலகி நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன்.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.