இருபத்தாறாம் வரிசை

பாப்புவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? ஒரு விஷயம் சொல்கிறேன், பயப்படாதே, நல்லபடியாக முடிந்தது.

நான் துப்புரவு பார்க்கும் அரங்கில் கச்சேரி. என் அறையில் இருக்கும் சமையல்கார அண்ணன் போனில் டிக்கெட் வாங்கப் பார்த்தார். “அஞ்சு நிமிஷத்துல பணம் வரலைன்னா வேற ஆளுக்குத்தான்” என்று விற்பவன் நெருக்கினான். அண்ணன் பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனார். அவன் அனுப்பியிருந்த டிக்கெட் படத்தைப் பார்த்தேன்: இருபத்தாறாம் வரிசை.

“அண்ணே, கையை எடுங்க! தினமும் துடைக்கிறவன் சொல்றேன், இருபத்துநாலாம் வரிசையோட சுவர் வந்துடும்!”

அதைக் கேட்டதும் விற்க வந்தவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் அரங்கத்தின் கவுன்ட்டரிலேயே அண்ணன் தனக்கு ஒன்று வாங்கினார். எனக்கு ஒன்று கேட்கப் போய், நீ ஊரில் இருப்பதை மறந்து நான் வாய்தவறி “ரெண்டு” என்றுவிட்டேன், உனக்கும் சேர்த்து.

உன் பழைய சால்வையை அனுப்பு, அரங்கில் குளிர் அதிகம். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் டிக்கெட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.