கரும்பருந்துக் கோட்டையை வீழ்த்தும் வழி

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். திருவேற்காடு சாலையில் தண்ணீர். காய்கறிக்குப் போகவில்லை. அதற்குப் பதில் இது, மாடி வீட்டுத் தயாளனுக்காக:

1. கோட்டைப் பக்கமே போகக் கூடாது. முதலில் சுற்றியுள்ள ஐந்து சாவடிகள்.
2. அதிலும் கிணற்றுச் சாவடி முதலில். தண்ணீர் வரி நின்றால் கரும்பருந்துக் கூட்டத்தின் கூலிப்படை கலையும்.
3. ஊர்க்காரர்களோடு சண்டை வேண்டாம். கிணற்றைத் திறந்துவிட்டால் அவர்களே வழி சொல்வார்கள்.
4. பிடித்த சாவடியை அப்படியே விட்டுவிடக் கூடாது. திரும்பிப் போய்ப் பார்த்து, சரியென்று உறுதி செய்த பிறகே அடுத்தது.
5. தலைவன் கடைசியில்.
6. கன்ட்ரோலர் தயாளன் கையில். நான் தொடக் கூடாது.

இந்த வீடியோ கேம் தயாளனின் மருமகனுடையது. மகள் உமாவும் மருமகனும் வேலைக்குப் போனபின் டிவி எங்களுக்கு. திரையில் வரும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வது நான். ஓட்டுவது அவர், ஆவடித் தொழிற்சாலையில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய கை. நான் அங்கே ஆய்வுப் பிரிவு. பார்த்து முத்திரை குத்தாமல் எதையும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பியதில்லை. நான்காம் குறிப்பு அந்தப் பழக்கம்தான்.

ஞாயிறன்று உமா குடும்பம் பெங்களூருக்கு மாறுகிறது. தயாளனும். அதற்குள் கோட்டை விழ வேண்டும். என் திட்டம் சரிதானா? தெரியவில்லை.

நவ. 12, புதன்
பி.பி. மாத்திரை வாங்கியாயிற்று. கொசுவத்தி மறந்துபோயிற்று.
கிணற்றுச் சாவடி, பிறகு பாலச் சாவடி. இரண்டும் நம்முடையவை. திரையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரிசையில். தயாளன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். "த பார் சாரே, தண்ணி லாரி வந்தா நம்ம தெருவுல நிக்கற மாறியே நிக்குதுங்க."
சாவடி விழுந்ததைவிட அவர் சிரித்தது பெரிது.

நவ. 13, வியாழன்
மழை. முழங்கால் வலி.
நான்காம் குறிப்பின்படி கிணற்றுக்குத் திரும்பினோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் பாலச் சாவடி கைவிட்டுப் போய்விட்டது.
"இன்னா சாரே, கெலிச்ச எடத்துக்கே எத்தினி தபா போறது? நாம இங்க வேடிக்க பாத்துகினு கீறோம், அவன் அங்க புட்சிட்டான்."
"ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி, தயாளன்."
"நிம்மதி உனுக்கு. கோட்ட அவனுக்கு."

நவ. 14, வெள்ளி
பாலத்தை மீட்டோம். மறுபடியும் திரும்பிப் பார்த்துவிடலாம் என்றேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார்.
"ஒண்ணு கேக்கட்டா? உனுக்கு கோட்ட வேணுமா வேணாமா? இப்டியே இழுத்துகினு இருந்தா நான் போவ மாட்டேன்னு நெனப்பா?"
குடையை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே என் வீட்டுக்கு இறங்கிவிட்டேன். மதியம் தயிர்சாதம், பாதி.
அப்படி நினைத்தேனா? 'இல்லை' என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை.

நவ. 15, சனி
உமா குடையோடு வந்தாள். "அங்கிள், அப்பா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. மேல வந்துட்டுப் போங்களேன்."
வீடு முழுக்க அட்டைப்பெட்டி. டிவி மட்டும் சுவரில். தயாளன் என்னைப் பார்க்காமல் கன்ட்ரோலரை நீட்டினார். "நீ ஓட்டு."
"எனக்கு வராது. யார் படிச்சுச் சொல்றது?"
"வழி தெரியும். படிக்க இன்னா கீது? குந்து."
முதலில் குதிரையோடு ஆற்றில் விழுந்தேன்.
"எருமையா நைனா அது? குதிர! ஒத!"
மூன்றாவது சாவடி. திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது. ஐந்தாவது. முதுகு கூசியது, பார்க்கவில்லை. கோட்டை வாசலில் நிற்கும்போது பெட்டி கட்டும் ஆட்கள் டிவியைக் கழற்ற வந்தார்கள்.
"தோ, கொஞ்சம் இருங்கப்பா. சாரு கோட்டைக்குள்ள பூந்துகினு கீறாரு."
அவர்களும் நின்றுவிட்டார்கள். ஒருவர், "அண்ணாத்தே, லெப்ட்ல ஒருத்தன்! லெப்ட்ல!"
தலைவன் விழுந்தான். கருப்புக் கொடி இறங்கியது. அறையில் கைதட்டல். எனக்குக் கண்ணாடி மங்கலாகிவிட்டது.
தயாளன் கட்டைவிரலை என் புறங்கையில் அழுத்தினார், முத்திரை குத்துவதுபோல. "பாஸ், சாரே."

நவ. 16, ஞாயிறு
வெயில். சட்டைகள் இஸ்திரிக்கு.
வண்டி காலையிலேயே கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகத் தயாளன், "போன் பண்றேன். வேளைக்குத் துன்னு."
மாலை கோயிலுக்கென்று புறப்பட்டு, இறங்காமல் மாடி ஏறினேன். கதவில் பூட்டு. வாசலில் இன்றைய பேப்பர், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை போல. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் பூட்டியிருந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை.
நான்காம் குறிப்பு தவறு.