ஊதிப் பெரிதாக்கியது

என் அன்புச் சுண்டெலிக்கு,

உன் புளுகுமூட்டைச் சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதிப் பார்த்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன். இப்போது ஈரேழு பதினாலு லோகமும் சாட்சியாக உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன், இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். என் வாய் ராசி உனக்குத் தெரியும், சாவுச் செய்தி சொன்னாலும் எதிராளி சிரிப்பான். அதனால் காகிதம். மருந்துக்கடைக்காரன் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஆலையில சின்ன விபத்து, அப்பாவுக்குக் கையில லேசா சூடு பட்டுடுச்சு, நீ பயப்படாதே என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறார். சின்ன விபத்தாம். நம் சர்க்கரை ஆலையில் பொடி அரைக்கும் அறையின் கூரை கிளம்பிப் போய் நிலாவை ஒரு உரசு உரசிவிட்டு வந்தது. ஏழு ஊர் எறும்புகள் பந்திக்கு இடம் கேட்டு வரிசையில் நின்றன. மேலாளரின் வழுக்கையில் பயத்தில் முடி முளைத்து, முளைத்த வேகத்தில் பொசுங்கியது. எல்லாம் எதனால் என்றால், தலைமை அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள், உத்தரத்தில் ஒரு தூசு தெரியக்கூடாது என்று அந்த மேலாளர் காலையில் உத்தரவு போட்டதால். ஈரத்துணியால் துடைத்து எடுப்பதுதான் முறை, அதற்கு இரண்டு நாள் வேண்டும், உன் அப்பா அதைத்தான் சொன்னார். அரவை இயந்திரத்தோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவர் சொன்னால் கேட்கவேண்டும். ஆனால் அப்போதுதான் கிரீடமும் கவசமும் தரித்த ஒரு மகாவீரர் நாற்பது படி ஏணியில் ஏறி, காற்றடிக்கும் குழாயைத் திறந்து, புயலுக்கே மூச்சு வாங்கும்படி ஊதினார். வேறு யார், உன் சித்தப்பாதான். உத்தரத்தில் வருஷக்கணக்காகப் படிந்த சர்க்கரைத் தூசு மொத்தமும் வெண்மேகமாகக் கிளம்பி அறையை நிறைத்தது. கீழிருந்து உன் அப்பா, டேய் நிறுத்துடா, மெஷின் ஓடிக்கிட்டிருக்கு, முதல்ல இறங்குடா என்று கத்தினார். அண்ணா, இதெல்லாம் எனக்குத் தூசு என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்த ஓடினார். அதில் ஒரு பேரிங் மூன்று நாளாகக் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, தொட்டால் கை பொசுங்கும் சூடு. அதை மாற்றவேண்டிய மெக்கானிக்கும் இதே மகாவீரர்தான், வருகிறவர்கள் வந்து போகட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்.

முதல் சத்தம் பெரிதாக இல்லை, அடுக்களையில் ஒரு மூடி விழுந்தது போலத்தான். அது என்னை ஏணியோடு தூக்கி வாசலுக்கு வெளியே காலிச் சாக்குகளின் மேல் போட்டது. இரண்டாவதுதான் சுவரைத் தள்ளியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எரிந்த சர்க்கரை வாசனை மட்டும், வீட்டில் பாகு தீய்ந்தால் வருமே, அதே வாசனை.

தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அம்மாள் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தார், மூக்குக் கண்ணாடியும் பெரிய பையுமாக. சர்க்கரை எப்படிம்மா வெடிக்கும், நான் நாற்பது வருஷமா தின்னுக்கிட்டிருக்கேன், ஒரு தடவை கூட வெடிக்கலையே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. டீயில போட்டுக் குடிக்கிற ஒரு ஸ்பூன் சர்க்கரையும் உங்க உடம்புல எரியத்தான் செய்யுது, ஆனா கொஞ்சங் கொஞ்சமா, படிப்படியா, அந்தச் சூட்டுலதான் நீங்க நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க என்றார். குவியலில் தீக்குச்சி வைத்தால் உருகும், கருகும், அவ்வளவுதான், ஏனென்றால் மேலே இருக்கிற குருணைக்குத்தான் காற்று கிடைக்கும், உள்ளே இருப்பது காத்துக்கிடக்கும். மாவாக்கி ஊதிவிட்டால் துகளுக்குத் துகள் தன்னைச் சுற்றிக் காற்று, ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பது காத்திருக்க வேண்டியதில்லை, அது அடுத்ததைப் பற்றவைக்கும், கண்ணிமைக்கும் முன் அறை முழுக்க முடிந்துவிடும். சூடான காற்று விரிய இடம் கேட்கும், மூடிய அறையில் இடம் ஏது, சுவரைத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் வெடிப்பு உத்தரத்தில் மிச்சம் இருந்த தூசையும் உலுக்கிவிட்டதாம், அதுதான் இரண்டாவதாம். ஒரு கிலோ வெடிமருந்தில் இருப்பதைவிட ஒரு கிலோ விறகில் சக்தி அதிகம் என்றும் சொன்னார். விறகு காற்று வந்து சேரும்வரை பொறுத்திருக்கும், வெடிமருந்து தனக்கு வேண்டியதைக் கட்டுச்சோறு போல மடியிலேயே வைத்திருக்கும், அளவு பெருசில்லீங்க, அவசரம்தான் பெருசு என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வேறு எதுவும் அன்று தலையில் ஏறவில்லை.

பிறகு அவர் உன் அப்பாவின் கட்டிலருகே குனிந்து, காற்றுக் குழாயைப் பிடிச்சது யாருங்க என்று கேட்டார். வெடிச் சத்தத்தில் அவருக்குக் காது அடைத்துப்போயிருந்ததால் ஒரு சீட்டில் எழுதியும் காட்டினார். உன் அப்பா கட்டுப் போட்ட வலது கையை மெல்லத் தூக்கினார். நான் துள்ளிக் குதித்து, இல்லம்மா, நான்தான் ஊதினேன், நாற்பது படி ஏறி நின்னு ஊதினேன், ஊரே பறந்துச்சு என்றேன். நாற்பது படி என்று சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். உன் அம்மா, தம்பி, சும்மா இருங்க, இந்த நேரத்துலயுமா என்றார். அந்த அம்மாளிடம் திரும்பி, இவர் எதையும் ஊதிப் பெரிசாக்குவாருங்க, நீங்க எழுதிக்காதீங்க என்றார். அவர் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு நாங்கள் தனியாக இருந்தபோது உன் அப்பா, தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டுக்கே கேட்கும்படி, எனக்கு ரெண்டு வருஷம்தான் வேலை பாக்கி, உனக்குப் பதினாலு வருஷம் இருக்கு, வாயை மூடு என்றார். அதையும் எல்லோரும் அண்ணன் வழக்கம்போல் தம்பியைத் திட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை அந்த அம்மாள், உன் அப்பாதான் ஊதினார் என்ற வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவருகிறார். அது மேலிடத்துக்குப் போனால் முப்பத்தொரு வருஷம் விதி மீறாத மனிதர் விதியை மீறி அறையை வெடிக்கவைத்தார் என்று ஆகும், வேலை போகும், ஆலை வீட்டையும் காலி செய்யவேண்டும். உன் அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது, பெருவிரலும் கட்டுக்குள்ளே, ரேகையும் வைக்க முடியாது. அதனால் அவர் சார்பில் சாட்சிக் கையெழுத்து என்னைப் போடச் சொல்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். முகத்தில் இடப்பக்கம் ஆறிவிடுமாம். இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டு நின்றேன், எதுவும் தைக்கவில்லை. அழுகை வரவில்லை. டீயில் சர்க்கரை போட்டார்களா இல்லையா என்று தெரியவில்லை, குடித்தேன். யாராவது என்னைக் கிள்ளினால் அது வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வேன் போல.

நான் வியாழன் காலை அந்த அம்மாள் இங்கே வருவதற்கு முன்பே அவர் அலுவலகத்துக்குப் போகிறேன். ஆனால் உன் அப்பா இல்லை என்று கையைத் தூக்கினால் அவர் கைதான் ஜெயிக்கும், என் வாய்க்கு அந்த மதிப்பு இல்லை. நீ சொன்னால் அவர் கேட்பார், உன் அம்மாவும் கேட்பார், அதற்காகத்தான் இத்தனையும். புதன்கிழமைக்குள் கூப்பிடு. அவருக்கு இடது காதில் கொஞ்சம் கேட்கத் தொடங்கியிருக்கிறது, போனை இடது காதில் வைக்கச் சொல், மெதுவாகப் பேசு, அவசரப்படாதே. லீவு கேட்டு ஓடிவராதே, வந்தால் நான்தான் வரவழைத்தேன் என்று அதற்கும் திட்டு வாங்குவேன். நீ நூறு வயசு இருந்து, சித்தப்பாவின் புளுகைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லும் அளவுக்குச் சிரிப்போடு வாழவேண்டும்.

கடைசியாக ஒன்று, வாக்குமூலத்துக்கு ஒத்திகை. ஏணிக்கு எட்டுப் படிதான். பறந்தது கூரைத் தகடு இரண்டே இரண்டு, அதுவும் சைக்கிள் ஸ்டாண்டில்தான் விழுந்தது, நிலாவுக்குச் சேதமில்லை. எறும்பு ஒன்றுகூட வரவில்லை, மேலாளர் வழுக்கை அப்படியே இருக்கிறது. ஊதியது மட்டும் நான்தான், சுண்டெலி. அது நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா