பக்கத்து இடம்

மெல்பர்ன்
20 நவம்பர் 2017

அன்புள்ள யோஸல்,

நீயும் ரிவ்காவும் நலமென்று நம்புகிறேன். ஒருபாலினத் திருமண வாக்கெடுப்பில் எங்கள் பக்கம் வென்ற அன்று, ஜெப ஆலய வாசலில் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுததை ஸிகியிடம் சொன்னேன். “ஸ்கூல்லயே அவன் அடுத்தவன் தோள்லதான் அழுவான்” என்கிறான்.

ஸிகிக்குப் புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. கோடையைத் தாண்டமாட்டானாம். எங்களுக்குக் கல்யாணம் வேண்டாம். முப்பது வருடமாக ஒரே சமையலறையில் சண்டை போட்டாயிற்று. நம் யூத இடுகாட்டில் அடுத்தடுத்து இரண்டு இடம் போதும். அடக்கச் சங்கச் செயலாளர் நீதானே.

உன்
பெரெல்


27 நவம்பர் 2017

என் அருமைப் பெரெல்,

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். எல்லோர் கண்ணும் கலங்கியது. அனுதாபத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கோரிக்கையும் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. பக்கத்து இடத்தை ஒதுக்குவது வேதமுறைப்படி மணந்த தம்பதிக்கு மட்டும். நான் உங்கள் ஆள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நான் பேசினால் எடுபடாது என்று பேசாமலிருந்தேன்.

ஒரு வழி இருக்கிறது. தீவிர ஆசாரக்காரர்களுக்குத் தனிச் சங்கம், தனிப் பகுதி. அங்கே கணவன் பக்கத்தில் மனைவியைக்கூடப் புதைக்கமாட்டார்கள். ஆண்கள் வரிசை தனி. இறந்த வரிசைப்படி இடம். யார் பக்கத்தில் யார் என்ற கேள்வியே எழாது.

ரிவ்கா கோழி சூப் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

பாசத்துடன்
யோஸல்


5 பிப்ரவரி 2018

அன்புள்ள யோஸல்,

அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி. எங்களை வேதம் அருவருக்கிறது என்று துண்டுப்பிரசுரம் அடித்தவர்கள்தான் ஸிகியைக் கழுவி, வெள்ளைத்துணி உடுத்தி, குழியில் இறக்கினார்கள். எங்களுக்காக ஓட்டுப் போட்ட நீங்கள் நிழலில் நின்றீர்கள். துக்கத்துக்குச் சட்டையைக் கிழித்துக்கொள்ளும் உரிமை உறவுக்காரருக்கு மட்டுமாம். பல வருடம் அவனோடு பேசாத அண்ணன் சிட்னியிலிருந்து வந்து கிழித்துக்கொண்டார்.

“சீக்கிரம் வந்துடுடா, நடுவுல எவனாவது நுழைஞ்சிடப் போறான்” என்றான் ஸிகி, கடைசியாக. இதய மருத்துவரிடம் போனேன். இன்னும் இருபது வருடம் ஓடும் என்று கைகுலுக்கினார். அவன் பக்கத்திலுள்ள அந்த ஒரு குழியைக் காலியாக விடச் சொல்லு. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேள்.

உன்
பெரெல்


14 பிப்ரவரி 2018

என் அருமைப் பெரெல்,

கசாப்புக் கடை பின்கஸ் முந்தாநாள் காலமானார். அந்த இடம் அவருக்குப் போய்விட்டது. கேட்டுவிடுவதென்றுதான் அவர்கள் சங்க வாசல்வரை போனேன். மகன்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கொள்கை பேசுவது நாகரிகமல்ல.

எங்கள் விதியைத் திருத்த அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வந்தால் என் முழு ஆதரவு உண்டு. வேறு யாராவது முன்மொழிய வேண்டும்.

பாசத்துடன்
யோஸல்


22 பிப்ரவரி 2018

யோஸல்,

நேற்றுப் போனேன். மண் இன்னும் ஈரம். பின்கஸின் மூத்த மகன் நின்றிருந்தான். நல்ல பையன். “அப்பாவுக்குப் பக்கத்துல இருக்கறவர் உங்களுக்கு என்ன வேணும், அங்கிள்?” என்று கேட்டான்.

“தெரிஞ்சவர்” என்றேன்.

அழுதுகொண்டிருந்தான், நாகரிகமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். வீடு வந்து சேர்ந்தபிறகுதான் புரிந்தது, அது நீ சொல்லியிருக்கும் பதில் என்று.

என்னை எந்த மூலையில் போட்டாலும் சரி. அன்றைக்கு நீ வராதே.

பெரெல் கோர்மான்