மஞ்சள் கரையிட்ட நீலம்

திருவனந்தபுரம்,
6.9.1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

இங்கே சுகம். நீயும் அம்மையும் தம்பி ஜெயதாஸும் சுகமென்று நம்புகிறேன். நீ வரைந்தனுப்பிய நத்தைப் படம் இன்று காலை கிடைத்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். இந்த ஓடில்லாத கடல் நத்தைகள் ஸ்பிரிட்டில் போட்டால் வெளுத்துக் கஞ்சி நிறமாகிவிடும். உயிரோடு பார்த்து நீ தீட்டிய நீலமும் மஞ்சள் கரையும்தான் எங்களுக்குச் சாட்சி. புதன்கிழமை கடையடைப்பில் பஸ் நெய்யாற்றின்கரையோடு நின்றுபோக, ஜெயதாஸ் அதுவரை நடந்துபோய், நான் நத்தையைப் போட்டனுப்பிய குப்பியை வாங்கி வந்தானாமே. அவனுக்கு என் நன்றி.

ஆனால் படத்தின் ஓரத்தில், 'போன மாதம் வந்ததுதான் இதுவும்' என்று எழுதியிருக்கிறாய். இல்லை பெண்ணே, நிறத்தை நம்பாதே. ஒரே பாறையில் வேறு வேறு இனங்கள் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியும். வாயைத் திறந்து, நாக்கிலுள்ள பற்களை லென்ஸில் பார்த்த பிறகே பேர் வைக்க வேண்டும். பார்த்துவிட்டேன், இரண்டும் வேறு.

இன்னொன்று. சனிக்கிழமை முட்டம் போகும் வழியில், பாறசாலையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. புதன்கிழமை அங்கே நடந்த தமிழர் ஊர்வலத்தில் கல்லெறிந்து ஒரு கான்ஸ்டபிளின் மண்டையை உடைத்தவன், விட்டுவிட்டு ஓடிய சட்டையாம். எல்லாரிடமும் காட்டினார்கள். நீலத்துணி, மஞ்சள் கரை. நத்தையின் நிறமென்று நானே ஆசைப்பட்டு எடுத்த துணி எனக்குத் தெரியாதா? 'என் மச்சினனுடையது' என்று வாயில் வந்துவிட்டது. அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சும்மா விசாரிப்பார்களாம். அவனைக் கொஞ்சம் அடங்கியிருக்கச் சொல்.

உன் அன்புள்ள,
சுந்தரதாஸ்

பாறசாலை,
8.9.1954

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது. ஜெயதாஸைச் சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். அம்மை ஜீப்பின் பின்னால் ஓடி, "எலே மக்கா, ஒண்ணையும் ஒத்துக்காத, நான் வாறேன்" என்று கத்தினாள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கி வெடித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. லாக்கப்பில் தமிழ்ப் பையன்களுக்கு என்ன கிடைக்கிறதென்று நான் உங்களுக்கு எழுத வேண்டுமா?

அந்தத் துணி அவன் ஒருவனிடம்தானா உண்டு? கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுத்தனுப்பியதைப் பார்த்து, கேரல் பாடும் பையன்கள் எல்லாரும் பனச்சமூடு சந்தையில் அதையே எடுத்துத் தைத்தார்கள். நம் சபையில் ஒரே துணியில் உடுத்துக்கொண்டுதானே பாடப் போவார்கள்! நீங்கள் அதைப் பார்க்கவில்லை. கடல் நன்றாக வற்றியிருக்கிறதென்று அந்தக் கிறிஸ்துமஸுக்கும் விழிஞம் பாறையிலேயே நின்றுவிட்டீர்கள்.

ஜெயதாஸின் சட்டை இதோ கொடியில் கிடக்கிறது. ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். "ஸ்வந்தம் அளியனல்லே எழுதித் தந்நது?" என்று இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். சொந்த மச்சானே எழுதித் தந்த பிறகு நான் யார்?

அத்தான், கல்லெறிந்த நேரத்தில் அவன் நெய்யாற்றின்கரையில் உங்கள் குப்பிக்காகக் காத்து நின்றான். குப்பியைக் கொண்டுவந்த பஸ் கண்டக்டர் பொன்னப்பன் அண்ணனுக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரியும், உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். உடனே புறப்பட்டு வந்து, தவறிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
சுகிர்தம்

திருவனந்தபுரம்,
11.9.1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

கடிதம் கண்டு கலங்கிவிட்டேன். ராத்திரி தூக்கமில்லை. ஆனாலும் என் நிலைமையை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். நான் சர்க்கார் உதவித்தொகையில் இருப்பவன். பேராசிரியர் கூப்பிட்டு, இந்த எல்லைத் தகராறில் நம் டிபார்ட்மெண்டின் பேர் அடிபடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்ததை மாற்றினால் நானும் போராட்டக்காரன் என்றாகிவிடும். கட்டுரை அச்சுக்குப் போகட்டும், பிறகு நல்ல வக்கீலாகப் பார்க்கலாம். ஜெயதாஸ் திடமானவன், தாங்குவான்.

பொன்னப்பனிடம் ஒரு குப்பி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதே இனத்தின் இளசு, நிறமே வேறு. இதன் படமில்லாமல் கட்டுரை நிற்காது. மனவருத்தத்தை வைத்துக்கொண்டு தாமதிக்காதே.

உன் அன்புள்ள,
சுந்தரதாஸ்

பாறசாலை,
20.9.1954

அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் ஜெயதாஸை விட்டுவிட்டார்கள். பொன்னப்பன் அண்ணன் டியூட்டியை விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார். "நெய்யாற்றின்கரையில வச்சு நானாக்கும் இவன் கையில குப்பியக் குடுத்தேன். உள்ள ஒரு நீலப் பூச்சி உண்டு" என்றார். மஜிஸ்ட்ரேட்டே சிரித்துவிட்டார்.

நான் எங்கள் சட்டையைக் கொண்டுபோய்க் கழுத்துப்பட்டையைத் திருப்பிக் காட்டினேன். வெளுக்கப் போட்டால் மாறிப்போகாமலிருக்க, நான் தைக்கிற சட்டையிலெல்லாம் உள்ளே சிவப்பு நூலில் குறி போடுவேன். இப்போது போட்டிருக்கிற சட்டையைத் திருப்பிப் பாருங்கள், உண்டு. போலீஸ் வைத்திருந்ததில் அது இல்லை.

வாயைத் திறந்து பார்க்காமல் ஒரு நத்தைக்குப் பேர் வைக்காதவர் நீங்கள். என் தம்பியை மட்டும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள். அதைக்கூட மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகும் நீங்கள் வரவில்லையே! பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை கோர்ட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயதாஸுக்கு இடது காது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வென்னீரில் குளித்துவிட்டு முதலில் கேட்டான்: "அக்கா, அத்தானுக்கக் குப்பி வந்துதா?"

வந்தது. இரண்டு நாள் உயிரோடு இருந்தது. அப்படியொரு நிறத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. தூரிகையைத் தண்ணீரில் நனைத்தேன், கை ஓடவில்லை. செத்த பிறகு ஸ்பிரிட்டில் போட்டேன். பொன்னப்பன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்க வெளுத்துவிட்டது. பல் அப்படியே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் என்னவாக இருந்ததென்று கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

சுகிர்தபாய்