க்யிம்யிண்டைங் வளைவு

லான்மடாவ், யாங்கூன்
12.6.2025

அன்புள்ள ஜுல்ஃபிகருக்கு,

சபாபதி எழுதுவது. இங்கே நானும் கடையும் நலம். தொண்டை ஆபரேஷன் முடிந்து நீ மகன் வீட்டுக்கு வந்துவிட்டதாக உன் வீட்டம்மா மைமூன் தங்கச்சி சொன்னது. போனில் நான் மட்டும் பேசிக்கொண்டிருக்க, நீ மூச்சு விடுவதைக் கேட்பது எனக்குச் சரிப்படாது. அதனால்தான் கடிதம். பக்கத்துக் கடை நசீர் சரக்கெடுக்கச் சென்னை வரும்போதெல்லாம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவனிடமே பதில் கொடு.

நேற்றுக் கரண்ட் வந்ததும் கடை மாடியில், யாங்கூன் சுற்று ரயில் மாதிரியே நாம் செய்த நம் பொம்மை ரயிலை ஓட்டினேன். லான்மடாவ் ஸ்டேஷனில் கிளம்பி, க்யிம்யிண்டைங் வளைவில் நாலு பெட்டியும் கவிழ்ந்தன. நீ இருந்தால் முக்காலியில் உட்கார்ந்து, வளைவில் விரலைக் கொடுத்துத் தாங்குவாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்: அறை சின்னது, வளைவு சின்னது, நீ செய்த பெட்டி மட்டும் பெரிசு. பெட்டிக்கு இரண்டு ஜன்னல் நீளம் வெட்டிக் குறைத்தால் தீர்ந்தது. தச்சர் கோ மியிண்ட் அரை நாளில் முடித்துத் தருவார். என்ன சொல்கிறாய்?

வேளைக்குக் கஞ்சி குடி.

உன்
சபாபதி


மண்ணடி, சென்னை
1.7.2025

அன்பு முதலாளி சபாபதிக்கு,

ஆண்டவன் கிருபையால் நலம்.

ரம்பத்தை என் பெட்டிகள் பக்கம் கொண்டுபோகாதே. முப்பது வருஷம் நான் தாமுவே ஸ்டேஷனில் ஏறிக் கடைக்கு வந்த ரயில் அது. இரண்டு ஜன்னல் போனால் நாலு சீட் போகும். அந்த நாலு பேரை எங்கே உட்கார வைப்பாய், உன் கல்லாவிலா?

கனமான பெட்டியைக் கடைசியில் மாட்டியிருப்பாய். அது பின்னால் இழுக்கிற இழுப்பில் முன்னால் இருக்கும் லேசான பெட்டி வளைவுக்கு உள்பக்கம் சாயும். கனமானதை இன்ஜினுக்கு அடுத்து மாட்டு. மெதுவாக ஓட்டு. உனக்கு எதிலும் அவசரம்.

மகன் எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். எனக்குப் போனது குரல்தான், காது இல்லை என்று எழுதிக் காட்டினேன். அதையும் சத்தமாகப் படிக்கிறார்கள்.

ரபியுல் அவ்வல் மாதத்துக்குள் வந்துவிடுவேன். முக்காலியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே.

துஆவுடன்
ஜுல்ஃபிகர்


லான்மடாவ்
2.8.2025

அன்புள்ள ஜுல்ஃபிகருக்கு,

நீ சொன்னபடி மாற்றி மாட்டினேன். மூன்று பெட்டி தாண்டிவிடுகிறது. நாலாவது இன்னும் கவிழ்கிறது. முக்கால்வாசி நீ ஜெயித்தாய், சந்தோஷப்பட்டுக்கொள்.

ரபியுல் அவ்வல் என்றாய். உன் வீட்டில் டிக்கெட் பேச்சே இல்லை என்கிறான் நசீர். நீ ரொம்ப மெலிந்துவிட்டாய் என்றும் சொன்னான். வெளிப்படையாகவே கேட்கிறேன், டாக்டர் என்ன சொன்னார்? சரக்கில் பழுதிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நம் இரண்டு பேருக்கும் வழக்கம்.

நம் முக்குக் கடை டீத்தூள் ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். குடிக்க முடியாவிட்டால் வாசனையாவது பிடி.

உன்
சபாபதி


மண்ணடி
27.8.2025

அன்புச் சபாபதிக்கு,

டீத்தூள் கிடைத்தது. மைமூன் போட்டுக் கொடுத்தாள். ஆறும்வரை டம்ளரை முகத்தருகே வைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை. மழை விட்டதும் கிளம்பலாம்.

பெட்டியைப் பற்றி யோசித்தேன். நீ சொன்னதுதான் சரி. இரண்டு ஜன்னல் வெட்டிவிடு. மூன்று வெட்டினாலும் பரவாயில்லை. ரயில் ஓடினால் போதும்.

துஆவுடன்
ஜுல்ஃபிகர்


லான்மடாவ்
20.9.2025

அன்புள்ள ஜுல்ஃபிகருக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டேன். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவன் நான். பேரம் பேசாமல் சரக்கை விட்டுக்கொடுக்கிற ஆள் கடையை மூடப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை இனி நீ எழுத வேண்டாம்.

கோ மியிண்ட் ரம்பத்தோடு வந்தார். "எந்த இடத்துல வெட்டட்டும், ஸயா?" என்றார்.

"பெட்டிய வுடு. வளைவப் பெரிசாக்கு."

"இடம் எங்க இருக்கு?" என்று சிரித்தார்.

அவர் சிரித்தது சரிதான். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மாடிப்படி. மிச்சம் இருந்தது உன் முக்காலி கிடந்த மூலைதான். பலகையை அங்கே நீட்டித் தண்டவாளத்தை அகலச் சுற்றிப் போட்டோம்.

இப்போது நாலு பெட்டியும் போகின்றன. லான்மடாவ், க்யிம்யிண்டைங், தாமுவே, மறுபடி லான்மடாவ். ஒரு ஜன்னலும் குறையவில்லை. விரல் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. கரண்ட் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முக்காலி கீழே கல்லாப் பக்கத்தில் இருக்கிறது. யாரையும் உட்கார விடுவதில்லை.

கோ மியிண்ட் அந்தப் பலகையை ஆணியடித்து இறுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. இரண்டு திருகாணிதான் போட்டிருக்கிறது. நீ வருவதாயிருந்தால் முன்கூட்டிச் சொல்லியனுப்ப வேண்டாம். நீ படியேறி மேலே வருவதற்குள் கழற்றிவிடுவேன்.

உன்
சபாபதி