பெக்டரி ஓரத்தில் நின்ற ஆள்

லிந்துலை
மார்ச் 1961

அன்புள்ள மகன் ஆண்டியப்பனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சளியும் இருமலுமாகச் சுகமாக இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீ கருகாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி இந்திரா எழுதுகிறாள். நான் திட்டுவதை விட்டுவிட்டு மற்றதைப் பாடப்புத்தகம் மாதிரித் திருத்திவிடுகிறாள், ஆகையால் திட்டை நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

நீ அனுப்பிய பழைய கேமரா உடையாமல் வந்தது. இழுத்தால் கொல்லன் துருத்தி மாதிரி நீள்கிறது. எட்டுப் படம்தான் பிடிக்கலாம், தோட்டத்துப் புதுத் தேயிலை பெக்டரியை ஆள் மறைக்காமல் பிடித்து அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து வரைந்து காட்டினால்தான் ஆபீஸ் பெரியவர் உன்னைத் தேத்தண்ணி தூக்கும் வேலையிலிருந்து எடுத்துப் கட்டடப் படம் வரையும் மேசையில் உட்கார வைப்பார் என்று எழுதியிருந்தாய். மழை கொட்டுகிற ஊரில் தகரக் கூரைகூட இல்லாமல் மொட்டைத் தலையோடு நிற்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியில் என்ன அழகைக் கண்டீர்களோ. ஞாயிற்றுக்கிழமை அப்பா கேமராவோடு கிளம்பியதும் லயத்து வரிசை வீட்டு ஜனம் மொத்தமும் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது. கட்டடத்தை மட்டும்தான் பிடிக்கணும் என்று அப்பா கெஞ்சினார். அதற்குப் பக்கத்து வீட்டு வீரம்மா, கட்டடத்துக்கு எதுக்கண்ணே போட்டோ, அதுக்கென்ன மாப்பிள்ளையா பாக்கப் போறீங்க என்று கேட்டாள். உன் அப்பாவுக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே. வீரம்மா குடும்பத்துக்கு ஒன்று, இரவல் கோட்டு மாட்டிய பழனியாண்டிக்கு ஒன்று என்று போய், கடைசியில் மலையில் நம்மை விரட்டி வேலை வாங்கும் கண்டாக்கையாவே வந்து வாசலை அடைத்துக்கொண்டு மீசையை முறுக்கினார். ஏழு படம் முடிந்தது. ஏழிலும் பெக்டரியின் காதும் மூக்கும்தான் தெரியும். அண்ணன் காலமெல்லாம் தேத்தண்ணி தூக்க வேண்டியதுதான் என்று இந்திரா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். படத்துல விழுந்தவங்களுக்கெல்லாம் அடுத்த வாரம் கொழும்பு டாக்டர் வந்து ஊசி போடப் போறாரு, யாரும் தப்பிக்கக் கூடாதுன்னுதான் இந்தப் படமே என்று ஒரு போடு போட்டேன். முதலில் மறைந்தவர் கண்டாக்கையாதான். பொய்தான், முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எட்டாவது படத்துக்கு இடம் காலி. அப்போது இந்திரா உன் கடிதத்தை மறுபடி பார்த்து, அளவு தெரிய ஓரத்தில் ஒரே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றாள். நான் போய்ச் சுவரோரம் நின்றேன். அப்பா கேமராவுக்குள் குனிந்து பார்த்து, என்னடி அம்மாக்கண்ணு, கொழுந்து அளவுக்குத்தான் தெரியிற, ஒன் மகனுக்கு நீ யாருன்னே தெரியாது என்றார். அவர் கிடக்கிறார். நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். என் உயரம் நாலடி பத்தங்குலம், இந்திரா அளந்து பார்த்தாள். அதை வைத்து பெக்டரியின் உயரத்தைக் கணக்குப் போடு, தப்பாது. மேசை கிடைக்கும்வரை பெரியவரிடம் எதிர்த்து வாயைத் திறக்காதே. தலைக்கு எண்ணெய் வை. நீ இழுக்கும் கோடெல்லாம் நேராக விழட்டும். படச் சுருளை மட்டும் அனுப்புகிறோம், கேமராவைக் கேட்காதே, வீரம்மா மகளுக்குச் சடங்கு வருகிறது.

இப்படிக்கு,
எந்த மேசையில் உட்கார்ந்தாலும் உன் அம்மா,
அம்மாக்கண்ணு

அண்ணா, இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. அப்பா பொத்தானை அமுக்கும்போது அம்மா குதிகாலைத் தூக்கிவிட்டார்கள். நான் பார்த்தேன். இரண்டு அங்குலம் கூட்டிக் கணக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் பெக்டரி குட்டையாகிவிடும். இந்திரா.